பிச்சாவரம் துடுப்பு போட் ரிவ்யூ: அலையாத்தி காடு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்னா

முதல்லயே சொல்லிடறேன், சிதம்பரம் பக்கத்துல கடலோர உப்பு தண்ணில வளர்ற அலையாத்தி (மாங்குரோவ்) காடு இருக்கற பிச்சாவரம் போனீங்கன்னா மோட்டார் போட் எடுக்காதீங்க, துடுப்பு போட் எடுங்க. மோட்டார் போட்ல அகலமான வாய்க்கால்ல சும்மா ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடுவீங்க, சத்தத்துல கொக்கு நாரை எல்லாம் நீங்க கிட்ட போறதுக்கு முன்னாடியே பறந்துடும், மரத்த பச்சையா ஒரு சுவரு மாதிரி தூரத்துலேர்ந்து பாப்பீங்க அவ்ளோதான். துடுப்பு போட்தான் ரெண்டு பக்கமும் கிளை வந்து தலைக்கு மேல மூடிக்கற அந்த குறுகலான வாய்க்காலுக்குள்ள போகும். உள்ள போனதும் வெயிலே தெரியல, காத்து சட்டுன்னு குளுந்துச்சு, துடுப்பு தண்ணில விழற சத்தம் மட்டும்தான். மனசுக்கு நல்லா இருக்குன்னு எல்லாரும் எழுதிட்டாங்க, நான் எழுத வந்தது வேற. கிளைமேட் சேஞ்சுக்கு இயற்கை வழி தீர்வு, அதாவது காட்டையும் ஈரநிலத்தையும் வச்சே சமாளிக்கறது, அது இதுன்னு இப்ப எங்க பாத்தாலும் பேசறாங்க, அது நிஜத்துல எப்படி இருக்கும், எங்க ஒர்க் ஆகும், எங்க ஆகாதுன்னு கண்ணால பாக்கணும்னா நம்ம தமிழ்நாட்டுல இத விட நல்ல இடம் எனக்கு தெரியல.

போறதுன்னா காலைல சீக்கிரமா போயிடுங்க, வெயில் ஏறிட்டா திறந்த தண்ணில முகம் எரியும். முடிஞ்சா கடல் தண்ணி இறங்கி வத்தமா இருக்கற நேரமா பாத்து போங்க, ஏன்னா தண்ணி ஏறி வர்ற ஏத்தத்துல வேரெல்லாம் முங்கிடும், பாதி விஷயம் கண்ணுக்கே தெரியாது. வத்தத்துல போனா சேறு தெரியும், ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கற குட்டி குட்டி நண்டு கூட்டம் கூட்டமா ஓடும், சேத்துல துள்ளற மீனும் இருக்கும், குழந்தைங்களுக்கு அதுவே போதும்.

வாய்க்கால் ஓரமா வரிசையா நிக்கறது சுரபுன்னை. அதோட வேர் தண்டுலேர்ந்தே கிளம்பி வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள ஊனி நிக்கும், ஒரு மரத்தோட வேர் எங்க முடியுது அடுத்த மரத்தோடது எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிச்சு பாக்க முடியாது. அதுக்கு பின்னாடி உள்பக்கம் வெண்கண்டல், அது வேற மாதிரி, மண்ணுக்குள்ளேர்ந்து பென்சில் பென்சிலா மேல பாத்து வேர விட்டிருக்கும், மூச்சு விடறதுக்கு, ஏன்னா அந்த சேத்துல காத்தே கிடையாது. எங்க போட்காரர் அண்ணன் ஒரு வெண்கண்டல் இலைய காட்டி அடிப்பக்கத்த தடவி பாரு தம்பின்னாரு, விரல்ல பொடி பொடியா ஒட்டுச்சு, நாக்குல வச்சா உப்பு. உப்பு தண்ணிய குடிச்சுட்டு மிச்ச உப்ப இலை வழியா வெளிய தள்ளுது. சுரபுன்னை அந்த மாதிரி பண்ணாது, அது வேர்லயே முக்கால்வாசி உப்ப வடிகட்டி நிறுத்திடும். சுரபுன்னை விதை மரத்துலயே முளைச்சு முருங்கைக்கா மாதிரி நீளமா தொங்கிட்டு இருந்துச்சு, அது அப்படியே விழுந்து சேத்துல குத்திக்கிட்டா அங்கயே வேர் விட்டுடும், தண்ணில விழுந்தா மிதந்து போயி எங்க கரை ஒதுங்குதோ அங்க முளைக்கும். அதாவது தண்ணி சரியா வந்து போச்சுன்னா இந்த காடு தன்னத்தானே நட்டுக்கும். இத மனசுல வச்சுக்கோங்க, கீழ இதான் முக்கியம்.

தில்லை மரமும் இங்க இருக்கு. சிதம்பரம் கோயிலுக்கு தல விருட்சம் அதான், ஆனா மரத்த பாக்கணும்னா இங்க வரணும். அதோட பால் கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, அதனால குழந்தைங்கள இலைய பறிக்க விடாதீங்க.

எனக்கு இதுல ஏன் இவ்ளோ ஈடுபாடுன்னு கேட்டீங்கன்னா, நாங்க பண்ருட்டி பக்கம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க ஏரியா முந்திரியும் பலாவும் என்ன ஆச்சுன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு தெரியும், தாத்தா காலத்து பலா மரமெல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு, எங்க சித்தப்பா தோப்புல நின்ன மரத்த எண்ணறதுக்கு ஒரு கை விரல் போதும். அதுக்கப்புறம் எந்த புயல் பேரு டிவில வந்தாலும் வீட்ல யாரும் சரியா தூங்கறதில்ல. கடல் சூடாக சூடாக புயலுக்கு பலம் கூடுது, கடல் மட்டம் ஏற ஏற அது தள்ளிட்டு வர்ற தண்ணி இன்னும் உள்ள வருதுன்னு படிக்கும்போது எனக்கு அது எங்கயோ நடக்கற சேதியா தெரியறதில்ல. அதனால கரையில நிக்கற ஒரு காடு நிஜமாவே அடிய வாங்கிக்குதான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

வாங்கிக்குது. ஆனா எவ்ளோங்கறத சரியா சொல்லணும். 2004 சுனாமில கிள்ளை பிச்சாவரம் சுத்துவட்டாரத்துல காட்டுக்கு பின்னாடி இருந்த எம்.ஜி.ஆர். நகர், டி.எஸ். பேட்டை, வடக்கு பிச்சாவரம் மாதிரி ஊருங்களுக்கு பெரிய சேதம் இல்ல, காட்டுக்கு வெளிய கடல பாத்த மணல் திட்டுல இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிஞ்சே போச்சு. 2005-ல சயின்ஸ் இதழ்ல நம்ம கடலூர் மாவட்டத்த வச்சே ஒரு ஆய்வு வந்துச்சு, மரம் அடர்த்தியா இருந்த இடத்துக்கு பின்னாடி சேதம் கம்மின்னு. அதே சமயத்துல வேற சில விஞ்ஞானிங்க மரத்துக்கு மட்டும் பேர் குடுக்காதீங்க, அந்த ஊருங்க கடல்லேர்ந்து தள்ளி இருக்கு, கொஞ்சம் மேடாவும் இருக்கு, அதுவும்தான் காரணம்னு கேட்டாங்க. அது நியாயமான கேள்வி. சுனாமி மாதிரி பேரலைய காடு தடுத்துடும்னு நம்பி கரையில வீடு கட்டினா உயிர்தான் போகும்.

ஆனா சுனாமி எப்பவோ ஒரு தடவ வர்றது. வருஷா வருஷம் வர்ற காத்தலைக்கும் புயலலைக்கும் கணக்கு தெளிவா இருக்கு. 100 மீட்டர் அகலத்துக்கு அலையாத்தி காடு இருந்தா அலையோட உயரம் 13-லேர்ந்து 66 சதவீதம் வரைக்கும் குறையுதுன்னு அளந்திருக்காங்க, காடு எவ்ளோ அடர்த்தி, என்ன மரம், தண்ணி எவ்ளோ ஆழம்ங்கறத பொறுத்து அந்த வித்தியாசம். அந்த சுரபுன்னை வேர போட்லேர்ந்து கிட்ட பாத்தப்பதான் இது எனக்கு புரிஞ்சுது, தண்ணி ஒரே நேரா போறதுக்கு அங்க வழியே இல்ல, அடி மேல அடி வேர்ல மோதி மோதித்தான் போகணும். ஆனா புயல் தள்ளிட்டு வர்ற மொத்த தண்ணி மட்டம் இருக்கு பாருங்க, அத குறைக்கறதுக்கு 100 மீட்டர் பத்தாது, ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5-லேர்ந்து 50 சென்டிமீட்டர் வரைக்கும்தான் குறையும், அதுக்கு காடு கிலோமீட்டர் கணக்குல வேணும். நாலு வரிசை கன்னு நட்டுட்டு புயல தடுத்துட்டோம்னு பேனர் கட்டறவங்க கிட்ட இத சொல்லணும். 2018 கஜா புயல் அன்னிக்கு முத்துப்பேட்டை அலையாத்தி காடே நல்லா அடி வாங்குச்சு, காடும் உயிர்தானே, அதுக்கும் வலிக்கும், எழுந்து நிக்க வருஷங்கள் ஆகும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன். இன்னிக்கு நாம போட்ல போயி பாக்கற பிச்சாவரம் எப்பவும் இப்படியே இருந்ததில்ல. வெள்ளக்காரங்க காலத்துலேர்ந்து 1970கள் வரைக்கும் முறை வச்சு, ஒவ்வொரு பகுதியா மொட்டையா வெட்டி எடுத்திருக்காங்க. வெட்டின இடம் தானா வளந்துடும்னு நினைச்சாங்க, வளரல. ஏன் வளரலங்கறதுலதான் விஷயமே இருக்கு. மரம் போனதும் வெயில் நேரா சேத்து மேல விழுந்துச்சு, சேறு காஞ்சு அமுங்கி நடுவுல தொட்டி மாதிரி பள்ளமாச்சு, ஏத்தத்துல உள்ள வந்த கடல் தண்ணி வத்தத்துல வெளிய போக முடியாம அங்கயே நின்னுச்சு, நின்ன தண்ணி ஆவியாகி ஆவியாகி உப்பு மட்டும் தங்குச்சு, உப்பு ஏற ஏற அலையாத்தி விதை கூட தாங்கல. நம்ம பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ரொம்ப கம்மி, ஒரு மீட்டர தாண்டாது, அதனால அந்த பள்ளத்துலேர்ந்து தண்ணிய இழுத்துட்டு போற அளவுக்கு கடலுக்கு பலமும் இல்ல. ரொம்ப நாளா இதுக்கு பழி யாரு மேல போட்டாங்கன்னா, விறகு வெட்டற, ஆடு மாடு மேய்க்கற ஊர்க்காரங்க மேல.

1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடவும் ஊர்க்காரங்களோடவும் சேந்து இங்க வேலைய ஆரம்பிச்சப்ப மொதல்ல மரக்கன்ன எடுக்கல, மண்வெட்டிய எடுத்தாங்க. அந்த பள்ளத்துக்கு நடுவுல ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி இயற்கையா இருக்கற ஓடையோட சேத்தாங்க, ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன சின்ன வாய்க்கால் வெட்டினாங்க, மேலேர்ந்து பாத்தா மீன் முள்ளு வடிவம், அதனால அதுக்கு மீன்முள் வாய்க்கால்னே பேரு. தண்ணி வந்து போக ஆரம்பிச்சுது, உப்பு இறங்குச்சு, அப்புறம்தான் வாய்க்கால் ஓரத்துல வெண்கண்டல நட்டாங்க, விதையும் தானா வந்து முளைச்சுது. ஆந்திரா, ஒடிசா பக்கமெல்லாம் இந்த முறைய கொண்டு போனாங்க. அதோட வேலை முடியல, வாய்க்கால் மண்ணு மேவிக்கிட்டே இருக்கும், அடிக்கடி தூர் வாரணும், அந்த வேலைக்கு யாரு காசு தர்றது யாரு செய்யறதுங்கறதுக்கு ஊர்ல ஒரு ஏற்பாடு இருக்கணும், இல்லன்னா திரும்ப பழைய நிலைமைக்கே போயிடும். போட்காரர் அண்ணன் கிட்ட இத பத்தி கேட்டேன், அவரு சொன்னது இவ்ளோதான்: "மரத்துக்கு நாம ஒன்னும் பண்ண வேணாம் தம்பி, தண்ணி வர்ற வழிய அடைக்காம இருந்தா போதும்." எங்க ஊரு ஏரி வாய்க்கால நினைச்சுக்கிட்டேன்.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, உலகம் பூரா இப்ப கன்னு நடறதுதான் நடக்குது, தண்ணிய பாக்கறதில்ல. இலங்கைல சுனாமிக்கு அப்புறம் நிறைய பேரு நல்ல மனசோட அலையாத்தி நட்டாங்க, 2017-ல அத போயி ஆராய்ஞ்சப்ப 1,000-லேர்ந்து 1,200 ஹெக்டேர் நட்டதுல 200 சொச்சம் ஹெக்டேர்லதான் ஏதாவது நின்னுச்சு, பாத்த 23 இடத்துல 9 இடத்துல ஒரு கன்னு கூட இல்ல. தப்பான இடம், தப்பான மட்டம், நட்டதுக்கு அப்புறம் திரும்பி பாக்காதது, மாடு மேஞ்சது. பிலிப்பைன்ஸ்லயும் இதே கதை, வேலைக்கு சுளுவா இருக்குன்னு சுரபுன்னை வகைய கொண்டு போயி அது இயற்கையா வளரவே வளராத திறந்த சேத்துலயும் கடல்புல் படுகைலயும் குத்தி வச்சாங்க, பெரும்பாலும் செத்துச்சு. ஆனா அதே இலங்கை 2015-ல தன்னோட எல்லா அலையாத்தி காட்டையும் பாதுகாக்கறோம்னு சொன்ன முதல் நாடு, பாடம் கத்துக்கிட்டு இப்ப அறிவியல் படி செய்யறாங்கன்னு 2024-ல ஐ.நா. அவங்க மறுசீரமைப்பு வேலைக்கு பெரிய அங்கீகாரமும் குடுத்துச்சு. நம்ம நாட்டுல 2023 பட்ஜெட்ல மிஷ்டின்னு ஒரு திட்டம் அறிவிச்சாங்க, 540 சதுர கிலோமீட்டர் அலையாத்திய புதுசாவும் சீரமைச்சும் கொண்டு வர்றதா இலக்கு. தமிழ்நாட்டோட மொத்த அலையாத்தி பரப்பே 2021 வன அறிக்கை படி 45 சதுர கிலோமீட்டர்தான், அப்ப அந்த இலக்கு எவ்ளோ பெருசுன்னு பாருங்க. நல்ல திட்டம், மனசார வரவேற்கறேன், ஆனா எத்தன கன்னு நட்டோம்னு கணக்கு காட்டாம அஞ்சு வருஷம் கழிச்சு எத்தன நின்னுச்சுன்னு கணக்கு காட்டணும்.

கார்பன் விஷயமும் இருக்கு. இந்த சேறு நாறுது பாருங்க, அந்த அழுகின முட்டை வாசம், அது காத்து இல்லாத மண்ணுங்கறதுக்கு அடையாளம். காத்து இல்லாததால விழற இலை, வேர் எல்லாம் முழுசா மக்காம அப்படியே அடுக்கடுக்கா தங்கிடுது. அதனாலதான் அலையாத்தி காடு ஹெக்டேருக்கு சாதாரண காட்ட விட பல மடங்கு கார்பன புடிச்சு வச்சிருக்கு, அதுல பெரும்பகுதி மரத்துல இல்ல, அந்த சேத்துக்குள்ளதான். வெட்டி இறால் பண்ணை போட்டா நூத்துக்கணக்கான வருஷமா சேந்தது காத்துக்கு வந்துடும், அதுக்கப்புறம் பத்தாயிரம் கன்னு நட்டாலும் அது திரும்ப சேர பல தலைமுறை ஆகும். அதனால புதுசா நடறத விட இருக்கறத காப்பாத்தறதுதான் முதல் வேலைன்னு எனக்கு தோணுது. இன்னொன்னு, 2017-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல உலகம் பூரா காடு, புல்வெளி, ஈரநிலம், விவசாய நிலம் எல்லாத்தையும் ஒழுங்கா பாத்துக்கிட்டா 2030-க்குள்ள கட்டுப்படியாகற செலவுல குறைக்க வேண்டிய கார்பன்ல கிட்டத்தட்ட 37 சதவீதம் அதுலயே முடியும்னு கணக்கு போட்டாங்க. பெரிய விஷயம்தான். ஆனா மிச்சம் 63 சதவீதம் புகைய நிறுத்தினாதான் குறையும். ஒரு பக்கம் நிலக்கரிய எரிச்சுக்கிட்டே இன்னொரு பக்கம் அலையாத்தி நட்டு சரிக்கட்டிட்டோம்னு சொல்ற கம்பெனிங்கள நான் நம்பறதில்ல, ஏன்னா கடல் மட்டம் வேகமா ஏறிச்சுன்னா இந்த காடே மூழ்கிடும், பின்னாடி நகந்து போக இடம் வேணும், பின்னாடி ரோடும் பண்ணையும் கட்டி வச்சா அது எங்க போகும். கொள்ளிடத்துல நல்ல தண்ணி வர்றது குறைஞ்சாலும் கஷ்டம், மழைக்காலத்துல வர்ற அந்த தண்ணிதான் வருஷத்துக்கு ஒரு தடவ உப்ப அலசி விடுது.

காட்ட பத்தி பேசறப்ப மனுஷங்கள விட்டுட கூடாது. இங்க இருளர் குடும்பங்க இருக்காங்க, ஆழம் இல்லாத தண்ணில இறங்கி கையாலயே தடவி இறால் புடிப்பாங்க, பனையோலை பறிய (கூடைய) வாயில கடிச்சுக்கிட்டு. இந்த இறாலும் மீன் குஞ்சும் வளர்றது அந்த வேருக்கு நடுவுலதான், பெரிய மீன் அங்க நுழைய முடியாது. வாய்க்கால் வெட்டினதும் கன்னு பாத்துக்கிட்டதும் இந்த மாதிரி ஊர்க்காரங்க கைதான், அவங்கள வெளிய நிறுத்திட்டு வேலி போட்டு காட்ட காப்பாத்தலாம்னு நினைச்சா நடக்காது.

மனசு கஷ்டப்பட்டது ஒரே ஒரு விஷயத்துல. எங்களுக்கு முன்னாடி போன போட்ல ஒரு குடும்பம், நல்லா படிச்சவங்க மாதிரிதான் இருந்தாங்க, சிப்ஸ் பாக்கெட்ட தண்ணில விட்டுட்டாங்க. அது மிதந்து போயி சுரபுன்னை வேர்ல மாட்டிக்கிச்சு. எங்க போட்காரர் அண்ணன் ஒன்னும் பேசாம போட்ட ஓரம் கட்டி துடுப்பால இழுத்து எடுத்து கால் கீழ வச்சுக்கிட்டாரு. அந்த வேர் அலைய எப்படி புடிக்குதோ அதே மாதிரி குப்பையையும் புடிச்சுக்கும், தானா வெளிய போகாது, பிளாஸ்டிக் வேர மூடிச்சுன்னா அதுக்கு மூச்சு முட்டும். 2022-ல ராம்சார் பட்டியல்ல சேந்த இடம் இது, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம். தயவு செஞ்சு ஸ்நாக்ஸ கரையிலயே சாப்ட்டுட்டு ஏறுங்க, தண்ணி பாட்டில் மட்டும் எடுத்துக்கோங்க, அதையும் திரும்ப கொண்டு வாங்க.

இன்னொரு ஆசை, குறையா சொல்லல. அந்த மீன்முள் வாய்க்கால் கதைய ஸ்கூல் பசங்களுக்கு தமிழ்ல ஒருத்தர் அங்கயே நின்னு சொன்னா எவ்ளோ நல்லா இருக்கும். எங்க அண்ணன் பையன் ஆறாவது படிக்கறான், புஸ்தகத்துல அலையாத்தி காடுன்னு ஒரு வரி படிச்சிருக்கான், இங்க வந்து அந்த உப்ப நாக்குல வச்சதும் நூறு கேள்வி கேட்டான். போட் ஓட்டற அண்ணனுங்களுக்கே இதெல்லாம் அத்துப்படி, கேட்டா சொல்றாங்க, அதனால நீங்களே வாய திறந்து கேளுங்க, நல்லா சொன்னாங்கன்னா முடிஞ்சத கையில குடுங்க.

எப்படி போறதுன்னா சிதம்பரத்துலேர்ந்து ஒரு 15 கிலோமீட்டர், கிள்ளை வழியா, பஸ் இருக்கு, ஆட்டோவும் கிடைக்கும், ஆட்டோ எடுத்தா போக வர சேத்து ரேட் பேசிக்கோங்க. போட் ரேட் மாறிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி போன்ல கேட்டுக்கோங்க, லீவு நாள்ல கூட்டம் அதிகம், வார நாள்ல போனா நிம்மதி. நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் வெளியூர் பறவைங்க வரும், ஆனா அது மழை, புயல் சீசனும் கூட, வானிலைய பாத்துட்டு கிளம்புங்க, காத்து அடிச்சா போட் விட மாட்டாங்க, விடாதது நல்லதுதான். தொப்பி, லைஃப் ஜாக்கெட் கட்டாயம், வெயிலுக்கு முழுக்கை சட்டை. வயசானவங்க போட்ல ஏறி இறங்க கொஞ்சம் சிரமப்படுவாங்க, கைய புடிச்சு ஏத்தி விட ஒரு ஆள் கூட இருக்கட்டும். காலைல சிதம்பரத்துல இட்லியும் கத்திரிக்கா கொத்சும் சாப்ட்டுட்டு கிளம்பினா மதியம் வரைக்கும் தாங்கும்.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, அடுத்த தடவ போறப்ப வேர்ல ஒரு கவர் கூட மாட்டாம இருந்தா குடுத்துடறேன்.